தண்ணீருக்கு முன்னால் கிளம்பிய ஏழு குடும்பங்கள்

கார்த்தி,

உன் கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. புனேயிலிருந்து நீ தினமும் போனில் கேட்கிறாய், நானும் தினமும் ஏதோ ஒரு காரணம் சொல்கிறேன். அச்சகத்தில் கூட்டம் என்றேன். அப்புறம் நல்ல நாள் அமையவில்லை என்றேன். இரண்டும் உண்மையில்லை. உண்மையைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் குறுக்கிடுவாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால்தான் கடிதம். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை பவித்ரா. நான் பேசுகிறபடி எழுதாமல், அச்சில் இருக்கிற மாதிரி திருத்தி எழுதுகிறாள். அவளைப் பற்றி நான் சொல்லப்போகிற இடங்களை மெல்ல விட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு வரி விட்டாலும் உன்னைப் போனில் படித்துக்காட்டச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். இது ஒளித்துப் படிக்க வேண்டிய கடிதமும் இல்லை. சுகன்யாவிடம் காட்டு. அவள் அப்பாவுக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன்.

இங்கே மைசூர் விஜயநகரில் பெண் பார்க்கப் போன அன்று நடந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நீ மாடியில் சுகன்யாவோடு பேசிக்கொண்டிருந்தாய். கீழே கூடத்தில் அவளுடைய அத்தை கேசரித் தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே கேட்டார், "உங்களுக்குக் குலதெய்வம் எதுங்க?" அவர்கள் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். பத்திரிகையை முதலில் குலதெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். நமக்கு எது என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. உன் தாத்தா கூடப் பிறந்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு மைசூருக்கு மில் வேலைக்கு வந்தவர், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அப்பா எதற்கெடுத்தாலும் சாமுண்டி மலைதான் ஏறுவார். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் நான் அவரிடம் கேட்டதில்லை. அன்றைக்கு, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குலதெய்வம்கூடத் தெரியாத குடும்பம் என்று அத்தனை பேர் முன்னால் ஆகிவிடுமே என்று பயந்தேன். நம் அக்ரஹாரத் தெருவுக்குத் தக்காளி கொண்டுவரும் டெம்போவின் முன்கண்ணாடியில் எழுதியிருக்கும் பெயர் நாக்கில் வந்து நின்றது. "பாறைமேட்டு மாரியம்மனுங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தை சட்டென்று சுகன்யாவின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார், ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் உன்னிடம், அப்பா எப்போதாவது குலதெய்வத்தின் பெயர் சொன்னாரா என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "யாரும்மா செக் பண்ணப் போறாங்க, ஏதாவது ஒண்ணு சொல்லிடு, பிடும்மா" என்று, விடும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்தாய். அதற்கு அடுத்த நாள் சுகன்யாவின் அப்பா போன் செய்தார். "சம்பந்தியம்மான்னு கூப்பிடலாமான்னுகூடத் தெரியலைங்க" என்றுதான் ஆரம்பித்தார். "பாறைமேட்டு மாரியம்மன் எங்களுக்கும் குலதெய்வமுங்க. ஒரே சாமியக் கும்புடறவங்கன்னா நாம பங்காளிங்க. உங்க பையனும் எங்க பொண்ணும் அண்ணன் தங்கச்சி முறை ஆகுது. எப்படிங்க கட்டிக் குடுக்கறது?" நான் சொன்ன பொய் உனக்கு ஒரு தங்கையைச் செய்து கொடுத்துவிட்டது. பத்து நாள் பொறுங்கள், பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்.

பவித்ரா வேலையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஏதாவது ஒரு சாமி பெயரை மாற்றிச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டேன். "அதுவும் அவங்க சொந்தக்காரங்க யாருக்காவது இருந்தா?" என்றாள். பிறகு, "நெஜமாவே எதுன்னு தேடலாம்மா" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தபோது நீ இன்ஜினீயரிங் கடைசி வருஷம். பவித்ரா ஒன்பதாவது முடித்திருந்தாள். ஹாஸ்டல் சமையல் வேலையை நான் விட முடியாது, உன் படிப்பு நடுவில் நிற்கக் கூடாது. "ஒரே ஒரு வருஷம் அப்பாவைப் பாத்துக்கோடி" என்று அவளைத்தான் நிறுத்தினேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எப்போதும் பேசாத பிள்ளைதானே என்று அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷம் இரண்டு வருஷமானது. அப்பா போன பிறகு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார அவளுக்குக் கூச்சம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உனக்கு இது தெரிந்த கதைதான். தெரியாத பகுதி ஒன்று உண்டு. பேச்சு போன பிறகு அப்பா இடது கையால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார், அதுவும் தமிழில். கன்னடப் பள்ளியில் படித்த அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தண்ணீர் கேட்கிறாரா, புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறாரா என்று புரிந்துகொள்வதற்காக, அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துப் பார்த்தே தமிழ் கற்றுக்கொண்டாள். அதன்பின் கடையில் பழைய நிலப் பத்திரங்களை நகலெடுத்து எடுத்து, மங்கிப்போன எழுத்தைப் படிக்கவும் பழகிவிட்டாள். பி.இ. படித்த நீ பிடு என்று விட்டதை அவள் கையில் எடுத்தாள். (இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். காபி போட்டுக் கொடுத்து மறுபடி உட்காரவைத்தேன்.)

பீரோவின் அடித்தட்டில் தாத்தா மில்லில் சேர்ந்தபோது எழுதிய காகிதம் ஒன்று இருந்தது. கன்னடத்தில் தகப்பன் பெயர் சின்னமுத்து என்றும், சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம் கருங்கல்மேடு என்றும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காகிதத்தின்மேல்தான் நான் பட்டுப்புடவையை மடித்து வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் கொள்ளேகால் பஸ் ஏறினோம். ஹனூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கருங்கல்மேட்டில் போய் நின்றபோது, முதல் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் ராகியைத் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். சின்னமுத்துவின் பேரன் வீட்டிலிருந்து வருகிறோம் என்றேன். கண்ணைச் சுருக்கி என்னையும் பவித்ராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மைசூரான் வூட்டு மருமகளா?"

"ஆமாங்க. எங்க வீட்டுக்காரரு தவறிப்போயிட்டாருங்க. இது மக."

"அம்பது வருசமா வழி தெரியாத சனத்துக்கு இப்ப பஸ்ஸு நம்பர் தெரிஞ்சுருச்சு. கலியாணமா, நெலத்துல பங்கா?"

"கல்யாணந்தானுங்க."

"அப்பச் சரி" என்று சிரித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "ஏ, களி கூட ரெண்டு உருண்டை கிண்டு. மைசூரு மகாராணி வந்துருக்குது."

அவர்தான் மாதப்பன், உன் அப்பாவின் பெரியப்பா மகன். உனக்குப் பெரியப்பா முறை. இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. நான் கேட்க வந்த கேள்வியைக் களி ஆறுவதற்குள் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஆத்துமேட்டு முனியப்பன்" என்றார். கோயில் எங்கே என்றதற்கு, "ரெண்டு இருக்குது அம்மிணி. ஒண்ணு தண்ணிக்குள்ள, ஒண்ணு எங்க தோட்டத்துக்குப் பின்னால" என்றார்.

உன் அப்பா உங்கள் இரண்டு பேரையும் கண்ணம்பாடி அணைக்குக் கூட்டிப்போகும் போதெல்லாம் சுவரைத் தட்டி, "இதோட மொதக் கல்லு உங்க கொள்ளுத்தாத்தா வெச்சது" என்பாரே, அந்தக் கொள்ளுத்தாத்தாதான் சின்னமுத்து. நமக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு வரிதான், அதுவும் தப்பு. மாதப்பன் பெரியப்பா தன் அப்பாரு சொன்னதாக, அதாவது தாத்தா சொன்னதாக, மத்தியானம் முழுக்கச் சொன்னார். பவித்ரா கடையிலிருந்து கொண்டுவந்த வீணான தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் நாட்டில் நடந்ததையும் வலது பக்கம் அவர் வாழ்க்கையில் நடந்ததையும் எழுதிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு இடது பக்கத்து வருஷங்களை நூலகத்தில் போய்ச் சரிபார்த்தாள். உறுதியாகத் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் இனி வருவதைச் சொல்கிறேன்.

கண்ணம்பாடி வேலை 1911இல் தொடங்கியது. அப்போது சின்னமுத்து மூக்கு ஒழுகத் திரிந்த பிள்ளையாக இருந்திருப்பார், முதல் கல்லை அவர் தூக்கியிருக்க முடியாது. 1918இல் விஷக்காய்ச்சல் வந்து நாடெங்கும் ஜனங்களை வாரிக்கொண்டு போனது. அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனார்கள், அவருக்கு அப்போது ஆடு மேய்க்கிற வயது. மீசை முளைத்ததும் ஒரு மேஸ்திரியோடு கண்ணம்பாடிக்கு நடந்தே போனார். அந்த அணைக்குச் செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்த காரைதான் பூசினார்கள். அந்தக் காரை அரைக்கிற இடத்தில்தான் அவருக்கு வேலை. ஐந்தாறு வருஷம் அரைத்தார். கை வெந்து தோல் உரிந்துகொண்டே இருக்குமாம். அணைக்கு மேலே இருந்த ஊர்களை ஜனங்கள் காலி செய்துகொண்டு போவதையும் அவர் பார்த்தார். முன்கூட்டியே கிளம்பியவர்கள் கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் மாட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

பிறகு சொந்த ஊருக்குத் திரும்பினார். அந்த ஊர் கருங்கல்மேடு இல்லை, காவிரிக் கரையில் இருந்த ஆத்துமேடு. அவர் திரும்பிய சமயத்தில் கீழே மேட்டூரில் இன்னொரு அணை எழும்பிக்கொண்டிருந்தது. அளக்கிறவர்கள் வந்து, இந்த ஊர் தண்ணீருக்குள் போகும் என்று அடையாளக் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஊரில் யாரும் நம்பவில்லை. இவ்வளவு உயரம் ஆறு எப்படி ஏறும் என்றார்கள். சின்னமுத்து வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "அண கட்டப் போனவன் அணையப் பாத்துப் பயந்துட்டு வந்துருக்கான்னு சிரிச்சாங்களாம்" என்றார் பெரியப்பா. "அப்பாரு விடல. 'தண்ணி அவங்க சொன்ன நாளுக்கு முந்தியே வரும், பின்னால வராது. நான் ஒரு அணைய அரைச்சவன், எனக்குத் தெரியும்'னாரு." ஏழு குடும்பம் அவர் பேச்சைக் கேட்டது. முனியப்பன் இருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து முடிந்துகொண்டு, கதவு நிலைகளோடு வண்டி கட்டி மேற்கே மலையடிவாரம் வந்தார்கள். அப்போது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாகாணம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற முனியப்பனை எழுப்பினார்கள். 1934இல் மேட்டூர் வேலை முடிந்தது. ஏழு குடும்பத்திலும் ஒரு ஆடுகூடத் தண்ணீருக்குப் போகவில்லையாம்.

1956இல் கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அன்றைக்கு அவர் சொன்னதைச் சொல்லிப் பெரியப்பா இப்போதும் சிரிக்கிறார்: "தண்ணி வந்தப்ப நான் நகுந்தேன். இப்ப நான் குந்துன எடத்துலயே குந்திருக்கறேன், கோடு நகுந்து போயிருச்சு." காவிரித் தகராறு வரும் வருஷங்களில் உன் அப்பா தமிழ்ப் பத்திரிகையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவாரே, அப்போதெல்லாம் இந்த ஊரில் நமக்கு என்ன பாத்தியம் என்று எனக்குள் ஒரு கூச்சம் இருக்கும். இப்போது இல்லை. இந்தப் பக்கத்து அணைக்குக் கை கொடுத்தவரும், அந்தப் பக்கத்து அணைக்கு ஊரைக் கொடுத்தவரும் ஒரே ஆள். அவர் நம் வீட்டு ஆள்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். வேல் நட்டு, சுண்ணாம்பு அடித்த முனியப்பன். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக் கல். அதில் ஏதோ எழுதியிருக்கிறது, எழுத்தும் தேய்ந்துவிட்டது, படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை, பிள்ளைகள் எல்லாம் கன்னடம்தான் என்றார் பெரியப்பா. பவித்ரா மண்டியிட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்த திருநீற்றை எடுத்துக் கல்லின்மேல் தேய்த்தாள். உள்ளங்கையால் மேலாகத் துடைத்ததும் குழியில் மட்டும் வெள்ளை நின்று எழுத்து தெரிந்தது. இதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து முப்பது பேர் கூடிவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம்கூட எத்தனை நகல் என்று விரலைக் காட்டிக் கேட்கிற பெண் அவள். "சத்தமாப் படி கண்ணு" என்றார் பெரியப்பா. படித்தாள். ஏழு பெயர். முதல் பெயர் சின்னமுத்து. ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் கூட்டத்தில் ஒருவர், "அது எங்களுது" என்று முன்னால் வந்தார். ஏழாவது பெயருக்கு ஒரு கிழவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எண்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஜனங்கள் பூப்போட்டுக் கும்பிட்ட கல்லில் தங்கள் முன்னோர் பெயர்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. கார்த்தி, உன் பட்டமளிப்பு விழாவில் நான் அழுதேன், அது உனக்குத் தெரியும். அதைவிட அதிகமாக அங்கே அழுதேன்.

பவித்ரா நூலகத்தில் வருஷங்களைச் சரிபார்த்த கையோடு விஜயநகருக்குப் போனோம். எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன்: நான் சொன்னது பொய், டெம்போவில் பார்த்த பெயர், எங்கள் சாமி ஆத்துமேட்டு முனியப்பன், நாம் பங்காளிகள் இல்லை. அத்தைதான் பேசினார். "டெம்போ முன்னாடி எழுதுனதப் பாத்து சாமி பேரு சொன்னீங்களாக்கும். நல்ல வேளைங்க, பின்னாடி எழுதிருக்கறதப் பாத்துருந்தா 'ஹாரன் அடிக்கவும்'னு சொல்லிருப்பீங்க." நானே சிரித்துவிட்டேன். ஆனால் அவர் விடவில்லை. ஒரு பொய் சொன்னவர்கள் இரண்டாவதும் சொல்ல மாட்டார்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். பவித்ரா தாளை எடுத்து நீட்டினாள். சுகன்யாவின் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கருங்கல்மேட்டுக்குப் போன் செய்து பெரியப்பாவிடம் பேசினார். வைத்துவிட்டு, "இத யாரு எழுதுனது? இந்தக் கேள்விக்குறியெல்லாம் எதுக்குங்க?" என்றார். "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாதுல்லங்க" என்றாள் பவித்ரா, தரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் தலையாட்டினார். "பி.யூ.சி.ல நல்ல மார்க்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு. மேல படிக்கவெக்கலாமேங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பவித்ராவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தங்கை பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்தவள் என்று நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். கூடத்தில் நான் பயந்த அதே பயம்தான் உனக்கும் இருந்திருக்கும், அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் பொய் சொன்னது பார்க்காத ஒரு சாமியைப் பற்றி. நீ சொன்னது, உன் சட்டையை இஸ்திரி போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டவளைப் பற்றி. "இல்லைங்க, ஒன்பதாவதோட நான்தான் நிறுத்திட்டேன்" என்று அங்கேயே சொன்னேன். அத்தை வாயைத் திறந்தார், சுகன்யாவின் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். தாளை மடித்துப் பவித்ராவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "சாமி சமாச்சாரம் தீந்துதுங்க. எங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்ல. இது மாப்பிள்ளை சொன்னது. அவரே எங்கிட்டச் சொல்லட்டும். அப்புறம் பத்திரிகை அடிக்கலாம்."

பத்திரிகை நிற்பது இதனால்தான். உன்னை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. பவித்ரா, இந்தப் பகுதியே வேண்டாம், அண்ணா வருத்தப்படும் என்கிறாள். வருத்தப்படட்டும் என்று எழுதச் சொன்னேன். எடுத்துச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் வீடு வீடாகப் போய்ச் சொன்ன ஒருவரின் ரத்தம் நீ. ஒரே ஒரு போன் செய்ய உன்னால் முடியும். இன்றைக்கே செய். சுகன்யாவிடமும் சொல். அதன்பின் அச்சகத்துக்குப் போகிறேன். பத்திரிகையின் உச்சியில் ஆத்துமேட்டு முனியப்பன் துணை என்றும், உன் பெயரோடு கருங்கல்மேடு சின்னமுத்துவின் கொள்ளுப்பேரன் என்றும் போடச் சொல்லப்போகிறேன்.

முதல் பத்திரிகையை முனியப்பன் காலடியில் வைக்க ஏழு வீட்டாரும் வருவார்கள், சுகன்யா வீட்டாரும் வருவார்கள். அன்றைக்குக் கல்லில் இருக்கும் பெயர்களை அண்ணாவே வாசிக்கட்டும் என்கிறாள் இவள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள்தான் வாசிப்பாள். நீ அவள் பக்கத்தில் நில். யார் இந்தப் பெண் என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், என்னைப் பார்க்காதே. என் தங்கை, ஒன்பதாவது வரை படித்தவள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நீயே சொல்.

உன் அம்மா